பார்க்கிறவர் நிற்கும் இடம்

நான் எழுதிய முதலாவது சித்திரக்கதைப் பிரதி இப்படித் தொடங்கியது: "முதற் கட்டம். கிளிநொச்சிச் சந்தை. காலை. சனம் கூடியிருக்கிறது." செய்தி எழுதிப் பழகிய கைக்கு அது குறையில்லாத வசனம். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நடப்பது இருக்கிறது. பிரதி படம் கீறுபவரிடம் போய்ச் சேர்ந்த மறுநாள் தொலைபேசி அடித்தது.

"எடிற்றர், இதை ஆர் பாக்கினம்?"

"எதை அக்கா?"

"இந்தச் சந்தையை."

"ஒருத்தரும் பாக்கேல்லை. சந்தை இருக்குது, அவ்வளவுதான்."

"ஒருத்தரும் பாக்காத சந்தையை எப்பிடிக் கீறுறது?"

"வாசகர் பாக்கிறார் எண்டு வையுங்கோ."

"அவர் எங்க நிக்கிறார்? மீன் பக்கமோ, மரக்கறிப் பக்கமோ? நிக்கிறாரோ, இருக்கிறாரோ? என்ன உயரம்?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு, "சரி, கதையில வாற பிள்ளை பாக்கிறாள்" என்றேன்.

"எத்தினை வயது?"

"ஒன்பது."

"அப்ப அவளுக்குச் சந்தை தெரியாது. சாரமும் சீலைக்கரையும் பையளும்தான் தெரியும். சரி, வைக்கிறன்."

வந்த படத்தில் கடை ஒன்றுகூட இல்லை. துணிகளும் தொங்கும் பைகளும் மரங்களைப்போல நெருங்கி நின்றன. அவற்றுக்கு இடையில், தூரத்தில், ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கால் கட்டிய சேவலொன்று தலைகீழாகத் தொங்கியபடி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிளிநொச்சிச் சந்தைக்குப் போன எவருக்கும் அது எந்த இடம் என்று தெரியும். என் வசனத்தை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

வவுனியாவில் நாங்கள் சிலர் சேர்ந்து சிறுவர்களுக்காக மாத இதழ் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முன் நான் தினசரி ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்தியிலிருந்து நிருபரை வெட்டி எடுப்பதுதான் என் வேலை. "நான் போனபோது", "எனக்குத் தெரிந்தவரை" போன்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் செய்தி தானே நடந்ததுபோல நிற்கும். அந்தப் பழக்கத்தோடு சித்திரக்கதைக்கு வந்தவனுக்கு இந்தப் பெண் வாய்த்தார். எந்தக் கட்டத்தைக் கொடுத்தாலும் நான் வெட்டி எடுத்த ஆளைத் திருப்பித் தா என்று கேட்பவர்.

அவர் என்னிலும் சில வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை எடிற்றர் என்றார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பகலில் அவருக்கு நீர்ப்பாசன அலுவலகமொன்றில் படவரைஞர் வேலை. குளம், கலிங்கு, வாய்க்கால், வயல் எல்லாவற்றையும் மேலேயிருந்து காட்டும் வரைபடங்கள். "சம்பளம் வாங்கிக்கொண்டு பருந்துக்குக் கீறுறன்" என்பார். "அதுகும் ஒரு இடத்தில அசையாமல் நிக்கிற பருந்து. அப்பிடியொரு பருந்தை ஆரும் கண்டிருக்கினமோ?" பின்னேரம் உருத்திரபுரத்தில் தன் வீட்டு விறாந்தையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மனிசருக்குக் கீறத் தொடங்குவார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதை மறந்து இன்னொன்றைச் செருகுவார். பிறகு இரண்டையும் மறந்து அலுமாரியைத் திறந்து மூன்றாவதைத் தேடுவார். வலது உள்ளங்கையின் ஓரம் எப்போதும் கறுத்திருக்கும்.

அவரோடு நேரில் கதைப்பது கொஞ்சம் சங்கடமான காரியம். எதிரே நின்று கதைத்துக்கொண்டிருப்பவர் திடீரென்று இடம் மாறி உங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கழுத்தை உங்கள் உயரத்துக்கு இறக்கி, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்ப்பார். அப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான். அங்கே இப்போது வெறும் சுவர் இருக்கும். "ஓ, இதுதான் தெரியுதோ" என்பார். தன்னை நீக்கிவிட்டு உங்கள் பார்வையைப் பரிசோதிக்கும் ஒருவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்குவதில்லை.

எங்கள் கதை எளிமையானது. அக்கராயனில் ஒரு வீட்டின் எருமைக் கன்று காணாமல்போகிறது. ஒரு சிறுமியும் அவளுடைய தம்பியும் அதைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். மாதம் இரண்டு பக்கம். நான் பிரதியை அனுப்புவேன். அவர் கரிப்படம் கீறி அதைத் தொலைபேசியில் படமெடுத்து அனுப்புவார். நாங்கள் சண்டை பிடிப்போம். பிறகு மை போட்ட மூலப்படம் மட்டையில் சுற்றி, நடத்துநரின் கையில் கொடுத்து, கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வரும்.

ஒருமுறை நான் இப்படி எழுதினேன்: "எருமைக் கன்று கைக்கு எட்டாமல் வாய்க்காலைக் கடக்கிறது. பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கிறார்கள்." பார்க்கிறவர்களையும் எழுதிவிட்டேன், இனிக் கேள்வி வராது என்ற நினைப்பு. கேள்வி வந்தது. "கன்று பாக்காதோ?"

அந்தக் கிழமை ஏதோ அலுவலாக உருத்திரபுரம் போனபோது அவர் வீட்டில் இல்லை. பின்பக்கம் வாய்க்காலடிக்குப் போனேன். கழுத்தளவு தண்ணீரில், உடுத்த உடுப்போடு, நாடியை நீர்மட்டத்தில் வைத்தபடி நின்றார். கரையில் அவருடைய கணவர் ஒரு துவாயோடும் குடையோடும் குந்தியிருந்தார். அவருடைய குடும்பத்தார் தகப்பன் காலத்தில் வடமராட்சியிலிருந்து வந்து காணி எடுத்து நெல் விதைத்தவர்கள். மனைவியின் செய்கைகளை வானிலையைப்போல ஏற்றுக்கொள்ளும் மனிதர். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன அண்ணை, அக்கா விழுந்திட்டாவோ?"

"இல்லையடாப்பா. எருமை பாக்கிறமாதிரிப் பாக்கிறா."

"ஆ" என்றுவிட்டு அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா தண்ணீருக்குள் இருந்தபடி என்னைக் கண்டார். "இறங்குங்கோ எடிற்றர். எழுதினது நீங்கள்தானே."

இறங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கோணத்தில் உலகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. தண்ணீர் தரையாக இருக்கவில்லை. ஒளிரும் கூரையொன்றின் விளிம்பில் கண்ணை வைத்ததுபோல இருந்தது. வானம் எனக்குக் கீழே ஆடியது. கரையில் எழுந்து நின்ற கணவரின் பாதங்கள் பெரிதாக, அவருடைய தலை சிறிதாக, குடை அதற்கும் மேலே ஒரு கறுத்த பூவாக நின்றன. நெல் வயலின் பச்சை மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. தும்பியொன்று என் மூக்குக்கு நேரே வந்து அசையாமல் நின்றது. சத்தங்கள் எல்லாம் தூரப் போயிருந்தன. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. "பிள்ளையளின்ர கண்ணீர் இஞ்சயிருந்து தெரியுமோ?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப அதை வெட்டுங்கோ." வெட்டினேன். அந்தப் பக்கத்தில் என்னுடைய சொல் ஒன்றுமே மிஞ்சவில்லை.

இதை வைத்து அவர் சொற்களுக்கு எதிரி என்று நினைக்கக்கூடாது. ஒரு காரியத்தை இருவர் செய்வதற்குத்தான் எதிரி. இன்னொரு மாதம் சிறுமி அழும் படம். கீழே நான், "சிறுமி விம்மி விம்மி அழுதாள்" என்று எழுதியிருந்தேன்.

"எடிற்றர், ஆராவது ஒராள் அழுவம். ஒண்டு நீங்கள், இல்லாட்டி நான். ரெண்டுபேரும் அழுதா பிள்ளையள் பக்கத்தைத் தட்டிப்போட்டுப் போயிடுங்கள்."

நான் கோபத்தோடு அந்த வரியை அடித்தேன். அன்று பின்னேரம் யோசித்து வேறொன்றை எழுதி அனுப்பினேன். படத்தில் சிறுமி அழுகிறாள். தம்பி அவளைப் பார்க்கிறான். மூக்கைத் துடைத்தபடி, பேச்சுக் குமிழுக்குள் அவள் சொல்கிறாள்: "எனக்குத் தடிமன்."

தொலைபேசியில் அந்த வரியை எனக்கே திருப்பி வாசித்தார். பிறகு, "இது என்னால கீறேலாது" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

கதை தொடங்கிச் சில மாதங்கள் போனபிறகுதான் அந்த மனிதன் வந்தான். தெருவில் பிள்ளைகள் நடக்கும் கட்டமொன்றில், மூலையில், அவர்களுக்கு முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். முதுகு மட்டும். இடது தோளில் ஒரு மூட்டை. என் பிரதியில் அப்படி ஒருவன் இல்லை.

"இது ஆர்?"

"றோட்டில போற ஆள். ஆளில்லாத றோட்டு எண்டா அது நான் கந்தோரில பருந்துக்குக் கீறுற படம்."

வவுனியா பஸ் நிலையத்தில், கிளிநொச்சி பஸ்ஸின் பின் இருக்கையிலிருந்து கண்ட ஒருவரைத்தான் கீறியிருப்பதாகச் சொன்னார். காணாத ஒருவரை அவர் கீறமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் ஒரு தொழில் இருந்தது. கதைக்குள் ஒரு மூட்டை வந்தால் அதற்குள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்ல நான் ஆயத்தமில்லை. மூட்டையை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எடுத்துவிட்டார். மூட்டை போய்விட்டது. அதைத் தூக்கிச் சரிந்த தோள் அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்குப்பிறகு அவன் ஒவ்வொரு இதழிலும் வந்தான். எப்போதும் முன்னால், எப்போதும் போய்க்கொண்டு, இடது தோள் சரிந்தபடி. மாங்குளத்தில் ஒரு திருப்பத்தில், நந்திக்கடல் ஓரத்து வெயிலில், முறிகண்டிக் கச்சான் கடலைக் கடைகளுக்கு அப்பால். பள்ளிக்கூடங்களுக்கு இதழ் கொண்டுபோகும்போது பிள்ளைகள் எருமைக் கன்றை விட்டுவிட்டு அவனைத்தான் விசாரித்தார்கள். முதுகு மாமா என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

எந்த ஆசிரியருக்கும் அது விட மனம் வராத சந்தர்ப்பம். கடைசி அத்தியாயத்துக்குப் பிரதி எழுதினேன்: முதுகு மாமா திரும்புகிறார். கன்று அவரிடம் இருக்கிறது.

"ஏலாது" என்றார் அக்கா. "நான் அந்தாளின்ர முகம் காணேல்லை."

"ஏதாவது ஒரு முகத்தைக் கீறுங்கோவன்."

"ஏதாவது ஒரு முகம் எண்டு ஒண்டு இல்லை, எடிற்றர்."

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை, வவுனியாவில் எங்கள் இதழின் அறைக்கு வயதான ஒரு பெண் வந்தார். முல்லைத்தீவுக்குத் தெற்கே, அளம்பில் பக்கம். கையில் எங்கள் இதழ். பள்ளிக்கூடத்திலிருந்து பேத்தி கொண்டுவந்ததாம். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. இதழை விரித்து மேசையில் வைத்து, முதுகு மாமாவின்மேல் விரலை வைத்தார்.

"இவனை எங்க கண்டது?"

"அம்மா, அது கதைக்குக் கீறின படம்."

"ஓம், அது தெரியும். இவனை எங்க கண்டது?"

மகன் சின்னவனாக இருக்கும்போது மாமரத்திலிருந்து விழுந்ததையும், இடது தோள் சரியாகப் பொருந்தாமல் அப்படியே நின்றுவிட்டதையும் சொன்னார். "கடைசியா இடம்பெயரேக்க சனத்துக்குள்ள முன்னால போனவன். நான் பின்னால. முதுகைத்தான் கண்டுகொண்டு போனனான். பிறகு அந்த முதுகையும் காணேல்லை." அழவில்லை. எங்கே கண்டது என்று மூன்றாம் முறையும் கேட்டார். அதற்கு மட்டும் பதில் வேண்டும் என்பதுபோல.

நான் அக்காவை அழைத்தேன். அவர் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். அவர் வரும் வழியிலேயே நான் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவருடைய முகம் வெளிறியிருந்தது. உள்ளே வருமுன் என்னை வாசலில் நிறுத்தி, "மூட்டையை எடுத்தம், தோளை நிமித்தேல்லை" என்றார். பிறகு உள்ளே போய், அந்த அம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அம்மா, நான் ஒருத்தரைப் பாத்துத்தான் கீறினனான். அவர் தோளில மூட்டை தூக்கிக்கொண்டு போனவர். அதாலதான் தோள் சரிஞ்சது. நான் மூட்டையைக் கீறாமல் விட்டிட்டன்."

"அவனும் மூட்டை தூக்குவான்தானே" என்றார் அந்த அம்மா.

எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்தோம்.

வேறு யாராக இருந்தாலும் நடைபாதையில் நின்று ஆளைத் தேடியிருப்பார்கள். அக்கா நேரே கிளிநொச்சி பஸ் ஒன்றில் ஏறி, பின் இருக்கையில், தான் அன்று இருந்த யன்னலோரத்தில் அந்த அம்மாவை இருத்தினார். நடத்துநர் வந்தார்.

"அம்மா, இது வெளிக்கிட இன்னும் நேரம் செல்லும்."

"நாங்கள் போகேல்லைத் தம்பி" என்றார் அக்கா. "பாக்கிறம்."

அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப்போனார். அந்த பஸ் வெளிக்கிட, நாங்கள் இறங்கி அடுத்ததில் ஏறினோம். யன்னல் கண்ணாடியில் வன்னித் தூசி படிந்திருந்தது. அதனூடாகத் தெரிந்த பஸ் நிலையம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் ஊர்போல இருந்தது. ஆட்கள் மெதுவாக மிதந்து போனார்கள். குடைகள், பைகள், ஒரு சாய்ந்த சைக்கிள், வடை விற்பவரின் கூடை. அந்த அம்மா இமைக்காமல் இருந்தார். அக்கா அவருடைய தோளோடு தன் தோளை ஒட்டி, கழுத்தை இறக்கி, அதே உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்போது, "அந்தா" என்றார் அக்கா.

கூட்டத்துக்குள் ஒரு முதுகு. இடது தோளில் பெரிய துணி மூட்டை.

"மூட்டையோட தெரியேல்லை" என்றார் அந்த அம்மா. எழுந்து இறங்கினார்.

நான் முந்திப்போய் அந்த ஆளின் பெயரைக் கேட்க நினைத்தேன். பழைய தொழில். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவா பாக்கட்டும்."

அந்த மனிதர் தேநீர்க்கடை ஓரத்தில் மூட்டையை இறக்கிவைத்து முதுகை நிமிர்த்தினார். இடது தோள் நிமிரவில்லை. அந்த அம்மா நின்றுவிட்டார். பிறகு அந்த மனிதர் திரும்பினார்.

"வாங்கோ அம்மா. சாரமோ, பெட்சீற்றோ?"

அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் என்று சொல்லமாட்டேன். அதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"தம்பி எந்த ஊர்?"

"நீராவிப்பிட்டி. முல்லைத்தீவுதான் அம்மா."

"நான் அளம்பில்."

"அட, எங்கட பக்கம். நான் வளந்தது புத்தளத்தில. இப்ப கொஞ்சக் காலமாத்தான் வாப்பான்ர காணியில வந்து இருக்கிறன்."

"தோள் என்ன செய்தது?"

"இதோ? பொடியனா இருக்கேக்க இருந்தே தூக்குற மூட்டை. இறக்கி வைச்சாலும் தோள் நம்புதில்லை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் படத்தில் பிழை என்று நினைத்திருந்த தோள் பிழையில்லை. அதில் இருவருக்கும் சந்தோசமும் இல்லை.

"ஒருக்கா அங்கால நடந்துபோட்டு வாறியோ, மோனை?"

"என்ன அம்மா, மாப்பிளை பாக்க வந்தனீங்களோ? எனக்குக் கட்டி ரெண்டு பிள்ளையள் இருக்குதுகள்." சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த மனிதர் அம்மாவின் கையிலிருந்த இதழைக் கண்டார். விரித்த பக்கத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பவும் அந்த அம்மாவைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்துக்கொள்ளும்படி தேநீர்க்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அவருடைய வழக்கமான நடையாக அது இருந்திருக்காது. மெதுவாக, கைகளை விட்டு, மன்னார் பஸ்கள் நிற்கும் மூலைவரை போனார். அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். போதுமா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்கள் குறுக்கே வந்து மறைத்து விலகின. ஒவ்வொரு முறையும் விலகும்போது அந்த முதுகு அங்கே இருந்தது.

"காணும்" என்றார் அந்த அம்மா, தனக்குள்தான். போதும் என்று நான் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "அண்ணை, இப்பத் திரும்பலாமோ?"

தேநீர் குடிக்கும்போது அந்த அம்மா அக்காவிடம் கேட்டார். "கதை முடியப்போகுது எண்டு பேத்தி சொன்னாள். கடைசியில அவன் திரும்புவானோ?"

நான் எழுதிவைத்திருந்தது அதைத்தான். இப்போது அக்கா ஒரு முகத்தையும் கண்டுவிட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"திருப்பாதை பிள்ளை. திருப்பினா அது வேற ஆள்" என்றார் அந்த அம்மா.

அவரை முல்லைத்தீவு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "திருப்பினா வேற ஆள். திருப்பாட்டி அவன் போய்க்கொண்டெல்லோ இருப்பான்."

அச்சுக்குக் கொடுக்கும் நாள் வந்தது, போனது. அச்சகத்தாரிடம் ஏதோ சாட்டுச் சொன்னேன். நான் நாலைந்து முடிவுகள் எழுதினேன். முதுகு மாமா பஸ் ஏறிவிடுகிறார், மழை வந்து மறைக்கிறது, கன்று வேறு யாரிடமோ கிடைக்கிறது. எல்லாம் அவனைக் கழற்றிவிடும் வழிகள். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஒருநாள் விடியற்காலை அவரே தொலைபேசி எடுத்தார்.

"எடிற்றர், கடைசிப் பக்கத்தை அந்தாள் பாக்கட்டும்."

பக்கம் முழுவதும் ஒரே கட்டம். இடது ஓரத்தில், மிக அருகில், ஒரு துணி மூட்டையின் விளிம்பு. அவர் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அதற்கப்பால் செம்மண் தெரு, வடலிகள், பின்னேர வெளிச்சம். தெருவில் சிறுமியும் தம்பியும் கன்றோடு எங்களை நோக்கி ஓடி வருகிறார்கள். முதுகு மாமாவின் முகம் அதில் இல்லை. பார்க்கிறவனுக்குத் தன் முகம் தெரியாது. அவன் திரும்பிவிட்டான், அவனை யாரும் திருப்பவும் இல்லை. நான் எழுதியதில் ஒரே வரி மிஞ்சியது. சிறுமி சொல்வது: "மாமா, கன்று கிடைச்சிட்டுது."

பிள்ளைகளுக்குப் பின்னால், ஒரு வேலியின் படலையைப் பிடித்தபடி, வயதான ஒரு பெண் நின்றார். அவரை நான் எழுதவில்லை. யார் என்று கேட்கவுமில்லை.

மூலப்படத்தை அச்சுக்கு முன் என்னைத் தவிர எவருக்கும் காட்டாத அக்கா, அதை மட்டையில் சுற்றிக்கொண்டு அளம்பிலுக்கு வெளிக்கிட்டார். நானும் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீடு, கிடுகு வேலி, வேலிக்கு அப்பால் கடலின் சத்தம். அக்கா படத்தை நிலத்தில் விரித்தார். பேத்தி தூணோடு சாய்ந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"கன்று கொழுத்திட்டுது" என்றார் அந்த அம்மா. பிறகு படத்துத் தெரு நெடுக ஓடிய அவருடைய கண் படலையில் நின்றது.

"இது நானோ?"

"ஓம் அம்மா" என்றார் அக்கா. "முன்னால போனவர்தான் பாக்கிறார்."

அவர் இன்னும் கிட்டக் குனிந்தார். பேத்தி என்னைப் பார்த்தாள், நான் வேலியைப் பார்த்தேன்.

"எனக்கு அப்ப நரை இல்லைப் பிள்ளை" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு விபரத்தைத் திருத்தும் குரல். "அவன் போகேக்க ஒரு மயிரும் நரைக்கேல்லை. இந்தத் தலையைக் கண்டா ஆரோ கிழவி எண்டு நினைச்சுக் கடந்து போயிடுவான்."

அக்காவின் முகம் மாறியதை நான் கண்டேன். யாருடைய கண்ணிலிருந்து கீறினாரோ அவனுக்குத் தெரிந்ததைக் கேட்காமல், பஸ் யன்னலோரத்தில் தான் கண்ட அம்மாவைக் கீறியிருந்தார். பையிலிருந்து மைப்போத்தலையும் மெல்லிய தூரிகையையும் எடுத்தார். நிலத்தில் குனிந்து, படலையில் நின்றவரின் தலைமயிரை இழை இழையாகக் கறுப்பாக்கத் தொடங்கினார்.

"கொண்டை இன்னும் கொஞ்சம் பெரிசு" என்றார் அந்த அம்மா.

"இப்பிடியோ?"

"அதிலும் பெரிசு. அள்ளி முடிஞ்சா ஒரு கைக்குள்ள அடங்காது."

அக்கா இன்னும் பெரிதாக்கினார். வேலை முடிந்ததும் தூரிகையைத் துடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். கடற்காற்று வாசல் வழியாக வந்து படத்தின் ஓரத்தைத் தூக்கியது. அந்த அம்மா எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு வந்து, இரண்டு கைகளையும் கூடாரம்போலப் படத்திலிருந்த அந்தப் படலையைச் சுற்றிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மை காயும்வரை எங்களில் எவரையும் கிட்ட வரவிடாமல் இருந்தார்.